கற்கண்டு ஆக விடக்கூடாது

வணக்கம். பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில் உட்கார்ந்து பேசுகிறேன், பின்னால் பஸ் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். மருந்துத் தூளை மாவு மாதிரி அரைத்துத்தான் எடுக்கிறார்களா என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். நான் வேலை பார்க்கும் லேபுக்குள் கேமரா கொண்டுபோக முடியாது. அதனால் வாயாலேயே சொல்லிவிடுகிறேன்.

அரைப்பதும் உண்டு. ஆனால் அரைக்க அரைக்கச் சூடேறும், பொடி ஒன்றோடொன்று ஒட்டும், அளவும் ஒரே சீராக வராது. என் அம்மா இன்ஹேலர் எடுக்கிறவர். அந்த மருந்துத் துகள் ஏறக்குறைய 1 முதல் 5 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும். மைக்ரான் என்றால் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பெரிதாக இருந்தால் தொண்டையிலேயே தங்கிவிடும். ரொம்பப் பொடிசானால் மூச்சோடு வெளியே வந்துவிடும். அதனால் அளவு என்பது எனக்கு வெறும் எண் இல்லை.

சரி, அரைக்காமல் எப்படி? கரியமில வாயுவை 31 டிகிரிக்கு மேல், 74 பார் அழுத்தத்துக்கு (நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போல் எழுபது மடங்குக்கும் மேல்) மேல் கொண்டுபோனால் அது வாயுவும் இல்லை, திரவமும் இல்லை. சூப்பர்கிரிட்டிக்கல் என்பார்கள். 31 டிகிரியை ஏப்ரல் மாத பெங்களூரு வெயிலே தாண்டிவிடும். அழுத்தம்தான் பெரிய விஷயம்.

ஜன்னல் வைத்த சின்னக் கலத்தில் இதை நேரில் பார்த்திருக்கிறேன். கீழே திரவம், மேலே வாயு, நடுவில் ஒரு கோடு. சூடேற ஏற அந்தக் கோடு மங்கி, ஒரு கட்டத்தில் காணவே காணோம். திரும்ப ஆறவிட்டால் உள்ளே எல்லாம் கலங்கிப் பால் மாதிரி ஆகி, அப்புறம் கோடு வந்து நிற்கும். 1822-ல் காக்னியார் டி லா டூர் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி இதைக் காதால் பிடித்தார். மூடிய துப்பாக்கிக் குழாயில் திரவத்தையும் ஒரு கல் குண்டையும் போட்டு, சூடாக்கி உருட்டினார். குறிப்பிட்ட சூட்டுக்கு மேல் திரவம் தளும்பும் சத்தம் நின்றுபோனது. எவ்வளவு எளிமையான சோதனை!

இந்த சூப்பர்கிரிட்டிக்கல் நிலையில் கரியமில வாயு திரவம் போலப் பொருளைக் கரைக்கும், வாயு போலப் பாயும். மருந்தைக் கரைத்து, முடியளவு துளை வழியே சடாரென்று வெளியே விட்டால் அழுத்தம் விழும், கரைக்கும் சக்தியும் போய்விடும், கரைந்திருந்த மருந்து தூளாகப் பிரிந்துவிடும். பனங்கற்கண்டை நினைத்துப் பாருங்கள். பாகை வாரக்கணக்கில் அசைக்காமல் வைப்பதால் கட்டி கட்டியாக விளைகிறது. இங்கே நேர்மாறு. ஒரே நேரத்தில் கோடிக்கணக்கான இடங்களில் படிகம் தொடங்கும், எதற்கும் வளர அவகாசம் கிடைக்காது. 1879-லேயே ஹேன்னே, ஹோகார்த் என்ற இருவர், அழுத்தம் குறைந்ததும் கரைந்த உப்பு பனி போல உதிர்வதைப் பார்த்தார்கள்.

ஆனால் பல மருந்துகள் கரியமில வாயுவில் கரையவே கரையாது. அவற்றை அசிட்டோன் போன்றதில் கரைத்து, சூப்பர்கிரிட்டிக்கல் வாயுவுக்குள் பீய்ச்சுவோம். வாயு அசிட்டோனை இழுத்துக்கொள்ளும், மருந்து தூளாக விழும். அழுத்தம், சூடு, பீய்ச்சும் வேகம், கரைசலின் அடர்த்தி, இவற்றில் எதை மாற்றினாலும் துகள் மாறலாம். எனக்குப் பிடித்ததே அதுதான்.

ஒரு தொல்லை உண்டு. வாயு விரியும்போது கடுமையாகக் குளிரும். துளையைச் சூடாக வைக்காவிட்டால் அடைத்துக்கொள்ளும். போன வாரம் அப்படி அடைத்து அரை நாள் போனது. அழுத்தத்தை மெல்ல மெல்ல இறக்கி, மானி பூஜ்யம் காட்டிய பிறகுதான் ஸ்பேனரையே கையில் எடுத்தேன்.

தூறல் ஆரம்பித்துவிட்டது, கேமராவை நனைய விட முடியாது. வருகிறேன்.