ஓடையில் தெரியும் மண்ணின் வரவுசெலவு

அவையோர்க்கு வணக்கம். பெய்த மழை எங்கே போகிறது என்பதை நீரியலாரிடமும், மண்ணின் சத்து எங்கே போகிறது என்பதை வேதியியலாரிடமும் நாம் தனித்தனியே கேட்டுப் பழகிவிட்டோம். இரண்டையும் ஒருசேரக் கேட்டால்தான் விடை கிடைக்கும் என்பதற்கு, அமெரிக்காவின் நியூ ஹாம்ப்சயர் மாநிலத்தில் உள்ள ஹப்பர்டு புரூக் காட்டைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

1955இல் அந்நாட்டு வனத்துறை நீராய்வுக்கென ஒதுக்கிய அக்காட்டில், போர்மன், லைக்கன்ஸ், ஜான்சன், பியர்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் நால்வர் 1963இல் தனிமங்களின் கணக்கையும் எடுக்கத் தொடங்கினர். அடிப்பாறை நீரைப் பெரும்பாலும் கசியவிடாது என்பதால், மழையோடும் பனியோடும் வருவனவற்றையும், ஓடையின் குறுக்கே கட்டிய அளவைத் தடுப்பைக் கடந்து செல்வனவற்றையும் அளந்தால், இடையில் அந்நிலம் எதைப் பிடித்து வைத்தது, எதை இழந்தது என்று சொல்லிவிட முடிந்தது.

1965ஆம் ஆண்டின் இறுதியில், சுமார் 16 எக்டேர் வடிநிலம் (ஓர் ஓடைக்கு நீர் வடிந்து சேரும் நிலப்பரப்பு) ஒன்றின் மரங்களை முழுவதும் வெட்டி, அங்கேயே கிடக்க விட்டு, மீண்டும் எதுவும் துளிர்க்காதபடி மூன்று கோடைகளில் களைக்கொல்லி தெளித்தார்கள். கடுமையான சோதனைதான், ஆயினும் நீரின் கணக்கும் சத்தின் கணக்கும் பிணைந்தவை என்ற உண்மை வேறு வழியில் இவ்வளவு துலக்கமாக வெளிப்பட்டிருக்காது. இலைகள் வழியே ஆவியாகியிருக்க வேண்டிய நீரும் சேர்ந்துகொண்டதால், முதல் ஆண்டில் ஓடையின் நீர் ஏறத்தாழ 40 விழுக்காடு கூடியது. மண்ணின் நைட்ரஜன் சத்தான நைட்ரேட்டின் செறிவோ 40 மடங்குக்கும் மேல் உயர்ந்து, குடிநீருக்குரிய வரம்பையே கடந்தது. மட்கும் இலைதழைகளிலிருந்து வெளிப்பட்ட அம்மோனியத்தை மண்ணின் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்றின. அதை உறிஞ்ச வேர்கள் இல்லை. அம்மாற்றத்தில் பிறந்த ஹைட்ரஜன் அயனிகள் மண்துகள்களைப் பற்றியிருந்த கால்சியத்தையும் பொட்டாசியத்தையும் பெயர்த்தெடுக்க, அவையும் நீரோடு போயின.

மரம் வெட்டப்படாத வடிநிலங்களிலும் அமில மழை பல பத்தாண்டுகளாக இதே கால்சியத்தைக் கரைத்துக்கொண்டிருந்தது. இழந்ததை ஈடுசெய்ய, 1999இல் வேறொரு வடிநிலத்தின்மீது ஹெலிகாப்டர் மூலம் கால்சியம் சிலிக்கேட் கனிமத்தைத் தூவினார்கள். மண்ணைத் திருத்தவே செய்த அந்த முயற்சி, நீரின் கணக்கையும் மாற்றிவிட்டது: மரங்கள் கூடுதலாக நீரை உறிஞ்சி ஆவியாக்க, ஓடையில் நீர் சில ஆண்டுகளுக்குக் குறைந்தது. மழையளவையும் ஓட்டத்தையும் மட்டும் பதிந்திருந்தால், அக்குறைவுக்குக் காரணம் கால்சியம் என்று யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது.