பெரியவர்களைக் கப்பல் ஏற்றும் முன்

காரைக்கால் வானொலி நேயர்களுக்கு என் வணக்கம்.

என் தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்கு போனவர். அந்தக் கப்பலின் பெயர் ரஜூலா. 1926-இல் கட்டப்பட்ட அது, 1970-களின் தொடக்கம் வரை சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. கரையோரம் வராது; தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். படகில் போய், அலை தூக்கும் நேரம் பார்த்துக் கப்பலின் ஏணியைப் பிடிக்க வேண்டும். காசு குறைந்தவர்கள் தளத்திலேயே பாய் விரித்துப் படுத்துப் போனார்கள். அதற்குப் பிறகு எம்.வி. சிதம்பரம் ஓடியது. 1985-இல் அதில் நேர்ந்த தீ விபத்தோடு அந்த வழியும் அடைபட்டது.

பிழைப்புக்காகக் கப்பல் ஏறிய மண் இது. இன்று அதே மண்ணில், வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள் அப்பா அம்மாவைச் சொகுசுக் கப்பலில் அனுப்பிவைக்க ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசை. நான் 19 ஆண்டுகள் வெளிநாட்டுச் சொகுசுக் கப்பல்களில் அறைப் பணியாளராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவன். ஒருவருடைய படுக்கையை நாள்தோறும் விரித்து மடிப்பவனுக்கு, அவர் இரவு எப்படித் தூங்கினார், மருந்தைச் சரியாகச் சாப்பிட்டாரா, அறையைவிட்டு வெளியே போனாரா என்பதெல்லாம் தெரிந்துவிடும். அந்த அனுபவத்தில் சிலவற்றைச் சொல்கிறேன்.

போன மாதம் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு தம்பதி என்னைக் கூப்பிட்டார்கள். ஐயாவுக்கு 74 வயது, அம்மாவுக்கு 69. மகன் சிங்கப்பூரில் இருக்கிறார். மூன்று கப்பல்களின் விவரங்களை அனுப்பி, எது வேண்டும் என்று கேட்டிருந்தார். ஒன்று சென்னையிலிருந்து இலங்கை போய் வரும் கார்டேலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ். இன்னொன்று சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, ஃபூகெட் போய் வரும் கெண்டிங் ட்ரீம். மூன்றாவது, ஏதென்ஸில் தொடங்கிக் கிரேக்கத் தீவுகளைச் சுற்றும் ஒரு வாரப் பயணம். மகன் பொறுப்பாக ஓர் அட்டவணையும் போட்டிருந்தார். ஓர் இரவுக்கு எவ்வளவு, உணவகங்கள் எத்தனை, நீச்சல் குளம் எத்தனை என்று எல்லாம் அதில் இருந்தன.

திண்ணையில் உட்கார்ந்து அந்த அட்டவணையைப் பார்த்தேன். பிறகு அம்மாவைக் கேட்டேன்: "அம்மா, உங்கள் வீட்டு வாசற்படி மூன்றும் ஏறும்போது எதைப் பிடித்துக்கொள்கிறீர்கள்?"

"தூணைத்தான். முட்டி விடுவதில்லையே" என்றார்.

அந்த அட்டவணையில் முட்டிக்கு ஒரு கட்டம் இல்லை. எனக்கோ அதுதான் முதல் கட்டம்.

கப்பல் ஒரு துறைமுகத்துக்குப் போகிறது என்று விளம்பரத்தில் போட்டிருந்தால், அது கரையை ஒட்டி நிற்கும் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். எல்லா இடத்திலும் அப்படி நடப்பதில்லை. ஆழம் போதாத இடத்தில், துறை கட்டாத தீவில், கப்பல் தள்ளி நின்றுவிடும். பயணிகளைச் சிறு படகில் இறக்கிக் கரை சேர்ப்பார்கள். அதற்கு டெண்டர் என்று பெயர். என் தாத்தா ரஜூலாவில் ஏறிய அதே கதைதான். படகுக்கு மட்டும் கூரையும் இன்ஜினும் வந்திருக்கின்றன. அலை கொஞ்சம் எழும்பினாலும் படகுக்கும் கப்பலுக்கும் நடுவே இடைவெளி விரிந்து சுருங்கும். அந்த ஒரு நொடியில் காலைத் தூக்கி வைக்க வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவரை ஏற்ற மறுத்துவிடுவதும் உண்டு. கடல் கொந்தளித்தால் அந்த ஊரையே விட்டுவிட்டுக் கப்பல் அடுத்த ஊருக்குப் போய்விடும்.

ஆகவே ஒப்பிடும்போது ஒவ்வொரு ஊருக்கும் நேராக இரண்டில் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: கரையில் அணைகிறதா, படகில் இறக்குகிறார்களா. பினாங்கில் ஜார்ஜ் டவுனுக்குள்ளேயே இருக்கும் ஸ்வெட்டன்ஹாம் துறையில் கப்பல் அணையும்; இறங்கினால் ஊர். ஃபூகெட்டில் பட்டோங் கடற்கரைக்கு எதிரே பெரிய கப்பல்கள் நங்கூரமிட்டுப் படகில் இறக்குவது வழக்கம். கிரேக்கத்தின் சாண்டோரினியில் படகில் இறங்கியபின் செங்குத்தான மலை எதிரே நிற்கும். மேலே போகக் கேபிள் கார், இல்லையென்றால் 600-க்கு நெருங்கிய படிகள். கேபிள் காருக்கு வெயிலில் வரிசையில் நின்றாக வேண்டும். இதைச் சொன்னதும் அம்மா மூன்றாவது தாளை எடுத்துத் தனியாக வைத்துவிட்டார்.

கரையில் அணையும் இடத்திலும் ஒன்றைக் கவனியுங்கள். ஓதத்தில் கடல்நீர் ஏறும்போதும் வற்றும்போதும் இறங்கு பலகையின் சரிவு மாறும். காலையில் சமமாக இருந்தது மாலையில் செங்குத்தாகிவிடும். ஏறத் திணறும் பெரியவர்களைப் பலமுறை கைத்தாங்கலாக அழைத்து வந்திருக்கிறேன்.

அடுத்தது நடை. எம்ப்ரஸ் 1990-இல் கட்டப்பட்டது. நீளம் சுமார் 211 மீட்டர். கெண்டிங் ட்ரீம் 2016-ஆம் ஆண்டுக் கப்பல், 335 மீட்டர். பெரிய கப்பலில் முன்கோடியில் அறை அமைந்து, சாப்பாட்டுக் கூடம் பின்கோடியில் இருந்தால், ஒரு வேளை உண்டுவர அரைக் கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டியிருக்கும். மூன்று வேளைக்குக் கணக்குப் போடுங்கள். அதற்காகப் பெரிய கப்பல் வேண்டாம் என்று சொல்லமாட்டேன்; அலையில் அது குறைவாக ஆடும், லிஃப்டும் அதிகம். அறையைச் சரியாகக் கேட்டு வாங்கினால் போதும். நீளவாக்கில் நடுவில், கீழ்த்தளங்களில், லிஃப்டுக்கு அருகில் இருக்க வேண்டும். ஆட்டம் அங்கேதான் குறைவு. தலைக்கு மேலே நடனக் கூடமோ சமையலறையோ இருக்கக் கூடாது.

குளியலறை வாசலில் மேடாக ஒரு நிலைப்படி இருக்கிறதா என்று எந்த நிறுவனத்திடமும் கேட்டே தீருங்கள். நான் வேலை பார்த்த ஒரு கப்பலில், முதல் இரவே ஒரு மூதாட்டி அதில் தடுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. விடியும்போது அவரைக் கரையில் இறக்கினோம். அவர் பெட்டியை நான்தான் கட்டினேன். பயணத்துக்கென்று வாங்கிய புதுப் புடவைகள் பிரிக்காமலே இருந்தன. அதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான அறைகளில் நிலைப்படி இருக்காது, கைப்பிடிக் கம்பிகள் இருக்கும். ஒரு கப்பலில் அவை மிகக் குறைவாகவே இருக்கும் என்பதால் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள்.

சன்னல் இல்லாத உள்ளறைகள் மலிவு. ஆனால் விளக்கை அணைத்தால் கும்மிருட்டு. நடுஇரவில் எழும் பெரியவருக்குத் திசையே தெரியாது. எந்தச் செலவைக் குறைத்தாலும் இதில் குறைக்காதீர்கள். வெளியே நடக்க முடியாதவருக்குப் பால்கனி ஒரு திண்ணை மாதிரி. உட்கார்ந்தபடியே கடலையும் கரையையும் பார்த்துக்கொண்டு வரலாம்.

மருத்துவம் பற்றிச் சொல்கிறேன். பெரிய சொகுசுக் கப்பல்களில் மருத்துவரும் செவிலியரும் சிறு மருத்துவ நிலையமும் உண்டு. மாரடைப்பு வந்தால் முதலுதவி செய்து உயிரைத் தாங்கிப் பிடிப்பார்கள். அறுவைச் சிகிச்சைக்குக் கரைக்குத்தான் போக வேண்டும். இந்தச் சேவை இலவசமும் இல்லை. பார்த்தவுடன் உங்கள் கணக்கில் டாலரில் ஏறும். ஊரில் வைத்திருக்கும் சாதாரண மருத்துவக் காப்பீடு பொதுவாக அங்கே செல்லாது. தனியாகப் பயணக் காப்பீடு எடுங்கள். கப்பலிலிருந்து நோயாளியைக் கரை சேர்க்கும் செலவும் அதில் அடங்குகிறதா என்று எழுத்தில் பாருங்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை எதையும் விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள். மறைத்தால் பணம் தேவைப்படும் நாளில் கை விரித்துவிடுவார்கள்.

மருந்து கைப்பையில் இருக்க வேண்டும். துறைமுகத்தில் உங்கள் பெரிய பெட்டியை வாங்கிக்கொள்வார்கள். அது அறைக்கு வந்து சேரச் சில நேரம் இரவாகிவிடும். மாலை இன்சுலின் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டு தவித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இன்சுலின் என்றதும் சாப்பாட்டு நேரம் நினைவுக்கு வருகிறது. நினைத்த நேரத்தில் போய்ச் சாப்பிடலாம் என்பதைச் சில நிறுவனங்கள் பெருமையாகச் சொல்கின்றன. சர்க்கரை உள்ளவருக்குக் குறித்த நேரம், குறித்த மேசை என்ற பழைய முறையே நல்லது. முதல் பந்தியைக் கேளுங்கள். இரண்டாம் பந்தி நம் பெரியவர்களுக்கு மிகவும் பிந்திப்போகும். ஒரே பரிமாறுபவர் தினமும் வந்தால், மூன்றாம் நாள் கேட்காமலே தயிரும் சோறும் கொண்டுவருவார். சென்னை, சிங்கப்பூர்க் கப்பல்கள் இரண்டிலும் இந்தியச் சைவ உணவு கிடைக்கிறது. மேற்கத்தியக் கப்பல்களில் சொல்லிவைக்க வேண்டும்.

வயதானவர்களுக்கு எந்த நிறுவனம் என்று இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ கேட்டால் உடனே சில பெயர்கள் வரும். வைகிங் கடல் கப்பல்களில் 18 வயதுக்குக் கீழே யாரையும் ஏற்றுவதில்லை, சூதாட்டக் கூடமும் இல்லை; ஒரு கப்பலில் ஆயிரம் பேருக்குள்தான் பயணிகள். 1873-இல் தொடங்கிய ஹாலண்ட் அமெரிக்கா நிறுவனத்தில் நிதானமான, மூத்த பயணிகள் அதிகம். இங்கிலாந்தின் சாகா நிறுவனம் 50 வயதைக் கடந்தவர்களுக்கென்றே கப்பல் விடுகிறது. எல்லாம் அருமையான ஏற்பாடுகள். ஆனால் நம் ஊர்ப் பெரியவருக்குக் குழந்தை இல்லாத அமைதி ஒரு சுகமா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. பேச்சுத்துணை இல்லாமல், ஒரு வாரம் புன்னகையால் மட்டுமே பேசிக்கொண்டு, கடைசியில் அறையைவிட்டே வெளியே வராமல் போன ஒரு தமிழ்த் தாத்தாவை நான் கவனித்துக்கொண்டதுண்டு. நான் ஒருவன் தமிழ் பேசுகிறேன் என்று தெரிந்த நாள் முதல், நான் அறை பெருக்க வரும் நேரத்துக்காகக் கதவைத் திறந்து வைத்துக் காத்திருப்பார். பக்கத்து மேசையில் தமிழ்க் குரல் கேட்கும் கப்பலுக்கு என் மதிப்பெண் அதிகம்.

தனியாகப் போகும் அத்தை, பெரியம்மாவுக்கு ஒரு தகவல். கட்டணம் இருவர் தங்கும் அறையை வைத்துச் சொல்லப்படுவது. ஒருவர் மட்டும் போனால் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். 2010-இல் வந்த நார்வீஜியன் எபிக் போலச் சில கப்பல்களில் ஒருவருக்கென்றே அறைகள் உண்டு. நம் பக்கம் நான் சொல்லும் வழி, தங்கையையோ சம்பந்தியம்மாவையோ சேர்த்து அழைத்துப் போவது.

ஆற்றங்கரைக்காரர்கள் நாம், ஆற்றில் போகும் கப்பல் எப்படி என்றும் கேட்கிறார்கள். அலை இல்லை, கரை எப்போதும் கண்ணில் இருக்கும். வாரணாசியிலிருந்து அசாமின் திப்ருகர் வரை 51 நாள் செல்லும் கங்கா விலாஸ் 2023-இல் புறப்பட்டது. 36 பேர்தான் அதில் போகலாம். ஐரோப்பாவின் ரைன் நதியில் ஒரு சிக்கல் உண்டு. துறையில் இடம் போதாமல் கப்பல்களை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டுவார்கள். கரைக்கு வர அடுத்த கப்பல்களைக் கடந்து, படியேறி இறங்க வேண்டும்.

பருவத்தையும் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடல் எப்படி இருக்கும் என்று நாகை, காரைக்கால்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். சம்பா அறுவடை முடிந்து தை பிற்பகுதி, மாசியில் நமக்கும் கை ஓயும். மலாக்கா நீரிணையும் அமைதியாக இருக்கும். அதே சிங்கப்பூரிலிருந்து வியட்நாம் பக்கம் போனால், மார்கழி, தையில் தென்சீனக் கடல் நன்றாகவே ஆட்டும்.

2004 டிசம்பருக்குப் பிறகு கடலைப் பார்க்கவே மறுக்கும் பெரியவர்கள் நம் கரையில் இருக்கிறார்கள். அவர்களை வற்புறுத்தாதீர்கள். மனம் இருந்தும் தயங்குபவர்களுக்கு ஒரு யோசனை. 2023 அக்டோபர் 14 அன்று நாகையிலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் தொடங்கியது. மழைக்காலத்தில் நிறுத்தி, மறுபடி விடுகிறார்கள். ஏறக்குறைய நான்கு மணி நேரப் பயணம். பாஸ்போர்ட் எடுத்த கையோடு அதில் ஒருமுறை போய் வரட்டும். தலை சுற்றுகிறதா, வாந்தி வருகிறதா என்பது பெரும் பணம் கட்டும் முன்பே தெரிந்துவிடும்.

எங்கள் தெரு ஐயாவும் அம்மாவும் சிங்கப்பூர்க் கப்பலைத் தேர்ந்துகொண்டார்கள். ஃபூகெட்டில் இறங்காமல் பால்கனியிலேயே இருந்துகொள்வதாக அம்மா சொல்லிவிட்டார். ஐயாவின் தகப்பனாரும் பினாங்கில் உழைத்தவர். அந்த மண்ணில் ஒருமுறை கால் வைத்தால் போதும் என்கிறார் அவர். மலேசியா, தாய்லாந்து போய்விட்டுத் திரும்பவும் சிங்கப்பூருக்குள் நுழைய விசா இடம் தருகிறதா என்று மகன் பார்த்துவிட்டார். கப்பல் ஏறிய அன்றே ஆபத்துக்காலத்தில் கூட வேண்டிய இடத்துக்கு இருவரும் நடந்து போய்ப் பார்த்து வர வேண்டும், அவசர நேரத்தில் லிஃப்டை நம்பக் கூடாது, ஆகவே படிகளை எண்ணிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

கிளம்பும்போது அம்மா தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். அறையில் மாலை விளக்கு ஏற்றலாமா என்று. கப்பலில் தீக்குச்சி உரசக் கூடாது அம்மா, ஊதுவத்தியும் கூடாது என்றேன். முகம் வாடிவிட்டது. மறுநாள் நாகூர் கடைத்தெருவில் பேட்டரியில் எரியும் சிறு அகல்விளக்கு ஒன்று வாங்கிவந்து என்னிடம் காட்டினார். இது கூடும் என்றேன்.

வணக்கம்.