சோனகதெருவுக்கு வழி சொன்னது எது?

நடுவர் அவர்களே, வணக்கம். யாழ்ப்பாண நகரின் பழங்கதையை அதிகம் காத்து வைத்திருப்பது கட்டடங்களா, இடப்பெயர்களா என்பது இன்றைய கேள்வி. நான் பெயர்களின் பக்கம்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தம்பி கோட்டையையும் நூலகத்தையும் மணிக்கூட்டுக் கோபுரத்தையும் வரிசையாகச் சொல்லி, இவை கண்முன்னே நிற்கின்றன, பெயர் வெறும் காற்று என்றார். நிற்கின்றன, சரி. ஆனால் 1981 இல் எரிந்த நூலகத்தைத் திருத்தி வெள்ளை அடித்திருக்கிறோமே, இன்று வாசலில் நின்று படம் எடுக்கிற பிள்ளைக்கு, உள்ளே 97,000 அளவு நூல்கள் சாம்பலானதை அந்தச் சுவரா சொல்கிறது? பக்கத்தில் நிற்கிற ஆள்தான் வாய் திறந்து சொல்ல வேண்டும்.

நல்லூருக்கு வாருங்கள். 1619 இல் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்த அரசின் தலைநகர். அரண்மனை எங்கே? சங்கிலித்தோப்பில் ஒரு வளைவு நிற்கிறது, அதையும் ஒல்லாந்தர் காலத்து வேலை என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அப்படியென்றால் அந்த மண்ணை இத்தனை தலைமுறையாகக் கடைசி அரசன் சங்கிலியனோடு கட்டி வைத்திருப்பது எது? அந்தத் தோப்பின் பெயர்தானே! யமுனா ஏரியும் அப்படித்தான். அரசர் காலத்தில் 'ப' வடிவில் கட்டிய கேணி அது. பெயரை எடுத்துவிட்டால், வழியில் போகிறவர் பாசித்தண்ணீர் என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

இன்னொன்று, கட்டடம் எழுப்பக் காசு வேண்டும். தட்டாதெருவில் பொன் தட்டியவர்களுக்கு யார் கோபுரம் கட்டினார்கள்? தெருவின் பெயரில் மட்டும்தான் அவர்கள் இருக்கிறார்கள். வண்ணார்பண்ணையில் சாதியும் ஒட்டிக்கொண்டிருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது, நோகவும் செய்யும். அந்த நோவை மறைத்துவிட்டு எழுதுகிற ஊர் வரலாறு எனக்கு வேண்டாம். ஓட்டுமடம், ஆறுகால்மடம் என்று நடந்து வந்தவர்கள் இளைப்பாறிய மடங்களின் பெயர்களை இன்றைக்கும் ஓட்டோவில் ஏறினால் சொல்கிறோம்.

சோனகர், அதாவது முஸ்லிம்கள், வாழ்ந்த சோனகதெருவைச் சொல்லாமல் நான் இறங்க முடியாது. 1990 ஒக்டோபர் முடிவில் விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த சனம் கையில் கிடைத்ததோடு போனது. பிறகு அந்த வீடுகளின் கூரை போனது, கதவு நிலை போனது, சுவரில் மரம் முளைத்தது. புத்தளத்து முகாம்களில் பிறந்து இந்த ஊரைக் கண்ணால் காணாத பிள்ளைகளுக்குப் பெற்றோர் வீட்டையா காட்ட முடிந்தது? நாங்கள் சோனகதெரு ஆட்கள் என்ற சொல்லைத்தான் கொடுக்க முடிந்தது. போர் முடிந்து திரும்பி வந்தவர்கள் அந்தச் சொல்லோடுதான் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள்.

எதிரணித் தம்பி எழுந்து, இடிந்து கிடந்த அந்த வீடுகளில் எந்த வீடு அவர்களுக்கு வழி காட்டியது என்று இந்தச் சபைக்குச் சொல்லட்டும்.