டாக்கோ சாலட் ஏன் தண்ணீர் விடுகிறது?

அடுத்த கேள்வி அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தின் டாலஸில் இருந்து வந்திருக்கிறது. லெட்டூஸ் கீரை, மசாலாக் கறி, பீன்ஸ், தக்காளி, சீஸ், சோளச் சிப்ஸ் எல்லாம் சேர்ந்த டாக்கோ சாலட் பற்றியது. படிக்கிறேன். “அக்கா, அலுவலக விருந்துக்கு வீட்டிலேயே டாக்கோ சாலட் செய்து கொண்டுபோனேன். போய்ச் சேர்வதற்குள் சிப்ஸ் ஊறிக் கூழாகிவிட்டது, லெட்டூஸ் துவண்டுவிட்டது, அடியில் தண்ணீர் நின்றது. பாக்கெட் மசாலா வேண்டாமென்று குறிப்பில் இருந்த அளவுப்படி நானே மசாலா போட்டேன். காரத்தில் யாராலும் வாய் வைக்க முடியவில்லை. நாங்கள் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை, வான்கோழிக் கொத்துக்கறிதான் போட்டேன். எங்கே தவறு?”

காரத்தை முதலில் முடித்துவிடுகிறேன். குறிப்பில் ‘சில்லி பவுடர் ஒரு மேசைக்கரண்டி’ என்று இருந்திருக்கும். நீங்கள் ஊரிலிருந்து வந்த மிளகாய்த்தூளில் ஒரு மேசைக்கரண்டி அள்ளிப் போட்டிருப்பீர்கள். சரிதானே? அமெரிக்காவுக்கு வந்த புதிதில் நானும் அதைத்தான் செய்தேன். என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய்த் தயிர் டப்பாவை எடுத்து வந்தார். அமெரிக்கக் கடையில் சில்லி பவுடர் என்று விற்பது வெறும் மிளகாய்த்தூள் அல்ல. காரம் குறைந்த மிளகாயோடு சீரகம், ஆரிகானோ, பூண்டுப்பொடி எல்லாம் சேர்ந்த கலவை அது. சாம்பார்ப்பொடி கேட்ட இடத்தில் தனி மிளகாய்த்தூளைக் கொட்டினால் என்ன ஆகும்? அதுதான் ஆகியிருக்கிறது. இந்தக் கலவையை 1890களில் பொடியாக்கி விற்று ஊரெல்லாம் பரப்பியவர் உங்கள் டெக்சஸில் குடியேறிய வில்லியம் கெப்ஹார்ட் என்ற ஜெர்மானியர். மிளகாய் கிடைக்கும் பருவம் போனபின்பும் தன் கடையில் ‘சில்லி’ என்ற காரமான கறிக்குழம்புக்குத் தட்டுப்பாடு வரக் கூடாது என்பது அவர் கவலை.

அதனால் 450 கிராம் கறிக்கு இப்படிப் போடுங்கள். காஷ்மீரி மிளகாய்த்தூள் இரண்டு தேக்கரண்டி, வறுத்துப் பொடித்த சீரகம் ஒன்றரை தேக்கரண்டி, பூண்டுப்பொடியும் ஆரிகானோவும் அரை அரை தேக்கரண்டி, உப்பு முக்கால். கை பழக்கத்தில் கரம் மசாலா டப்பா பக்கம் போகாதீர்கள். பட்டையும் கிராம்பும் விழுந்துவிட்டால் அது கீமா. கீமா நல்ல பண்டம்தான், ஆனால் நீங்கள் கேட்டது வேறு.

இப்போது தண்ணீருக்கு வருவோம். உங்கள் கேள்வியின் உயிர் அங்கேதான் இருக்கிறது. டாக்கோ சாலட்டில் ஒரு பக்கம் முறுமுறுவென்று இருக்க வேண்டியவை, இன்னொரு பக்கம் நீர் சுமந்தவை. இரண்டையும் ஒரே பாத்திரத்தில் போட்டு மூடி அரை மணி நேரம் காரில் கொண்டுபோனால் எது ஜெயிக்கும் என்று சொல்லவே வேண்டாம். அதனால் நீர் சுமந்த ஒவ்வொன்றிலிருந்தும் நீரை முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும்.

தக்காளிதான் முதல் குற்றவாளி. இரண்டாக வெட்டி, விதையையும் அதைச் சுற்றியிருக்கும் கொழகொழப்பையும் விரலால் வழித்து எடுத்துவிடுங்கள். சதையைச் சிறு துண்டுகளாக்கி, மூன்று தக்காளிக்கு அரைத் தேக்கரண்டி உப்புப் பிசறி, வடிகட்டியில் போட்டுக் கீழே ஒரு கிண்ணம் வையுங்கள். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் கிண்ணத்தில் வெளிறிய சிவப்பில் சாறு நிற்கும். நீங்கள் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்களே, அதில் பெரும்பங்கு இதுதான். இந்தச் சாற்றைக் கொட்டாதீர்கள், இதற்கு வேலை இருக்கிறது.

கறியை அகலமான வாணலியில், தண்ணீரோ எண்ணெயோ அதிகம் விடாமல், நன்றாகச் சூடேறிய பிறகு பரப்பிப் போடுங்கள். உடனே கிளறாதீர்கள். அடியில் பழுப்பு ஏறட்டும். சலசலவென்ற சத்தம் அடங்கி, படபடவென்று பொரியும் சத்தம் வரும்போதுதான் கறியிலிருந்து விட்ட நீர் வற்றியிருக்கிறது என்று பொருள். அதற்குப் பிறகு மசாலாவைப் போட்டு அரை நிமிடம் பிரட்டி, எடுத்து வைத்த தக்காளிச் சாற்றை ஊற்றி வற்றவிடுங்கள். பாக்கெட் மசாலாவின் பின்பக்கம் முக்கால் கப் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருக்கும். அது டாக்கோ என்ற மடித்த ரொட்டிக்குள் வைக்கிற தளர்ந்த கறிக்குச் சரி. சாலட்டுக்குச் சுக்கா பதம் வேண்டும். உப்பை முக்கால் தேக்கரண்டிக்கு மேல் ஏற்றாதீர்கள், சாற்றிலும் உப்பு இருக்கிறது. வான்கோழி என்பதால் உள்ளே 74 டிகிரி செல்சியஸ் வந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இறக்கியதும் லெட்டூஸ் மேல் கொட்டிவிடாமல் பத்து நிமிடம் ஆறவிடுங்கள். கொதிக்கும் கறி பட்டால் எந்தக் கீரையும் துவளத்தான் செய்யும்.

லெட்டூஸில் ஐஸ்பெர்க் வகையையே வாங்குங்கள். அதில் சத்து இல்லை, வெறும் தண்ணீர் என்று ஏளனமாகச் சொல்வார்கள். இருக்கட்டும், இந்த உணவில் அதன் வேலை நொறுங்குவதுதான். வெட்டி ஐஸ் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டால் விறைப்பாக நிமிரும். பிறகு சுத்தமான துணியில் பரப்பி, சுருட்டி, ஈரம் முழுவதும் ஒற்றி எடுங்கள். இந்த ஒரு வேலையில்தான் எல்லோரும் சோம்பல்படுகிறார்கள்.

பீன்ஸ் டப்பாவில் வந்தது என்றால் கழுவி வடித்தால் போதும். காய்ந்த ராஜ்மா என்றால் இரவே ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். ஆனால் மெதுவாக வேகவைக்கும் மின்பானையில் பச்சையாகப் போடாதீர்கள். ராஜ்மாவில் இருக்கும் ஒரு நச்சுப் புரதம் குறைந்த சூட்டில் அழியாது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். தளதளவென்று பத்து நிமிடத்துக்குக் குறையாமல் கொதிக்க வேண்டும். பிரஷர் குக்கர் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. கறியே வேண்டாம் என்பவர்கள் இதே மசாலாவில் கறுப்பு பீன்ஸைப் பாதி மசித்தும் மசிக்காமலும் வதக்கலாம். மீல் மேக்கர் போடலாமா என்று வேறொருவர் கேட்டிருந்தார். போடலாம், ஆனால் ஊறவைத்ததைக் கை வலிக்கப் பிழிந்துவிட்டுப் போடுங்கள்.

சிப்ஸ் விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. உணவகங்களில் டார்ட்டியா என்ற மெல்லிய கோதுமை ரொட்டியைக் கிண்ணமாகப் பொரித்து அதற்குள் சாலட்டை வைத்துத் தருகிறார்களே, பார்க்க அழகு, அடிப்பக்கம் எப்போதும் ஊறிப்போய்த்தான் இருக்கும். வீட்டில் ஆசைப்பட்டால் டார்ட்டியாவை இருபது நொடி சூடாக்கி வளையவிட்டு, எண்ணெய் தடவி, அவனில் வைக்கத்தக்க கிண்ணத்துக்குள் அழுத்தி, 190 டிகிரி செல்சியஸில் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம் சுட்டெடுங்கள். நான் மக்காச்சோளச் சிப்ஸோடு நின்றுகொள்வேன். இந்த உணவு பிறந்ததே சோளச் சிப்ஸ் வியாபாரத்தோடு ஒட்டித்தான். 1955இல் கலிபோர்னியாவில் டிஸ்னிலாந்து திறந்தபோது அங்கே ‘காசா டி ஃபிரிட்டோஸ்’ என்று ஓர் உணவகம் வந்தது; ஃபிரிட்டோஸ் சிப்ஸ் நிறுவனத்தின் கடை. சோளத்தில் செய்த சின்னக் கிண்ணத்துக்குள் பீன்ஸ், கறி, சீஸ் எல்லாம் வைத்து ‘டா-கப்’ என்று விற்றார்கள். டாக்கோ சாலட்டின் முன்னோடி என்று பலரும் அதைத்தான் காட்டுகிறார்கள். மெக்சிகோவில் போய்த் தேடாதீர்கள். இது அமெரிக்கச் சரக்கு.

விருந்துக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் கலக்கவே கலக்காதீர்கள். லெட்டூஸ் ஒரு டப்பா, கறியும் பீன்ஸும் ஒரு டப்பா, தக்காளியும் வெங்காயமும் கொத்தமல்லியும் ஒன்று, சிப்ஸ் அதன் பையிலேயே. சோர் கிரீமில் எலுமிச்சைச் சாறு பிழிந்து ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி, அங்கே போய் நுனியைக் கத்தரித்தால் கோலமாவு மாதிரி இழுக்கலாம். அவகாடோவை அங்கேயே வெட்டுங்கள். தட்டில் லெட்டூஸ், அதன்மேல் வெதுவெதுப்பான கறி, கறியின் மேல் துருவிய செடார் சீஸ், பிறகு தக்காளி. சிப்ஸைக் கடைசியில் கையால் நொறுக்கித் தூவுங்கள். குழந்தைகள் இருக்கும் விருந்தென்றால் சின்னச் சின்னச் சிப்ஸ் பாக்கெட்டுகளின் பக்கவாட்டைக் கிழித்து, அதற்குள்ளேயே கறியையும் லெட்டூஸையும் போட்டு ஒரு முட்கரண்டியோடு கொடுத்துவிடலாம். உங்கள் ஊர்ப் பள்ளி விளையாட்டுத் திடல்களில் கிட்டத்தட்ட இதையேதான் ஃபிரிட்டோ பை என்று விற்பார்கள்.

கறி மீந்தால் குளிர்பெட்டியில் மூன்று நாள் இருக்கும், காலையில் முட்டையோடு கிளறலாம். கலந்த சாலட் மீந்தால் அதை என்ன செய்வது என்று மட்டும் அடுத்த வாரம் கேட்காதீர்கள்.