கிரயப் பத்திரம் எழுத மறுத்த கை

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம்.

அமெரிக்க மக்களின் குடும்ப வாழ்விலும் பொதுவாழ்விலும் கிறிஸ்தவ விசுவாசம் எத்தகைய ஒழுக்கத்தை வளர்த்தது என்று பேச வேண்டும் என்பது எனக்கு இடப்பட்ட பணி. கடலளவு தலைப்பு. குடியரசுத் தலைவர்கள் வேதாகமத்தின்மீது கை வைத்துப் பதவியேற்பதையும், நாணயத்தில் கடவுளின் பெயர் பொறிக்கப்பட்டிருப்பதையும் சொல்லியே ஒரு மணி நேரத்தை ஓட்டிவிடலாம். ஆனால் நாணயத்தில் பெயர் பொறிக்க யாரும் எதையும் இழக்க வேண்டியதில்லை. விசுவாசத்துக்காகத் தம் வருவாயையும் அண்டை வீட்டாரின் நல்லெண்ணத்தையும் பணயம் வைத்த ஒருவரைப் பற்றிப் பேசவே எனக்கு விருப்பம். அவர் பெயர் ஜான் வுல்மன்; கடைச் சிப்பந்தியாகத் தொடங்கித் தையற்காரராக வாழ்ந்தவர்.

வுல்மன் 1720இல் நியூ ஜெர்சியில் ரன்கோகஸ் என்னும் ஊரையடுத்த பண்ணை வீட்டில் பிறந்தார். அன்று அது பிரிட்டிஷ் குடியேற்றங்களுள் ஒன்று. ஐக்கிய அமெரிக்கா என்ற நாடே கிடையாது. வீட்டில் பதின்மூன்று பிள்ளைகள். குடும்பம் குவேக்கர் சபையைச் சேர்ந்தது. அவர்களுடைய ஆராதனையில் சம்பளம் வாங்கும் போதகரும் இல்லை, பலிபீடமும் இல்லை. எல்லோரும் மௌனமாக அமர்ந்திருப்பார்கள். உள்ளத்தில் ஏவுதல் பெற்றவர் எழுந்து தமக்குத் தோன்றியதைச் சொல்லிவிட்டு உட்காருவார். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் முடிந்து வீடு திரும்பியதும் பெற்றோர் பிள்ளைகளை உட்காரவைத்து, ஒருவர் பின் ஒருவராக வேதாகமத்தையோ வேறு பக்தி நூலையோ வாசிக்கச் செய்வார்கள். மற்றவர்கள் அதிகம் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

அந்த வீட்டில் நடந்த சிறு நிகழ்ச்சி ஒன்றை அவரே தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். வயது பன்னிரண்டு இருக்கும். தந்தை வீட்டில் இல்லாத நாளில், ஏதோ தவறு செய்ததற்காகத் தாய் கண்டிக்கவே, பையன் மரியாதை இல்லாமல் பதில் பேசிவிட்டான். தந்தைக்குச் செய்தி எட்டியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் முடிந்து மகனோடு வீடு திரும்பும்போது, அம்மாவிடம் நீ சரியாக நடந்துகொள்ளவில்லை என்று கேள்விப்பட்டேன், இனிமேல் கவனமாக இரு என்று மட்டும் அவர் சொன்னார். பிரம்பை எடுக்கவில்லை; நீண்ட உபதேசமும் செய்யவில்லை. பையன் வெட்கிப்போய் வாய் திறவாமல் நடந்தான். வீடு சேர்ந்ததும் தனியே போய் மன்னிப்புக் கேட்டு ஜெபித்தான். அதன்பின் பெற்றோரிடம் கடுஞ்சொல் பேசியதாகத் தமக்கு நினைவில்லை என்று எழுதுகிறார். தவறு செய்தவனோடு சேர்ந்து நடந்துகொண்டே, அவனுடைய மனச்சாட்சி வேலை செய்ய இடம் விட்டுத் திருத்துகிற இந்த முறையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய பிற்காலப் பொதுவாழ்வு முழுவதிலும் அந்தத் தந்தையின் குரலே எனக்குக் கேட்கிறது.

இருபது வயதை ஒட்டி அவர் மவுண்ட் ஹாலியில் ஒரு கடையில் கணக்கெழுதும் வேலைக்குச் சேர்ந்தார். முதலாளியிடம் ஒரு கறுப்பினப் பெண் அடிமையாக இருந்தாள். அவளை விற்றுவிட்ட முதலாளி, கிரயப் பத்திரம் எழுது என்று திடீரெனச் சொன்னார். வாங்க வந்தவர் எதிரிலேயே காத்திருந்தார். அவர் வயதானவர், அதே குவேக்கர் சபையைச் சேர்ந்தவர். வுல்மனுக்கு மனம் ஒப்பவில்லை. ஆனாலும் ஆண்டுச் சம்பளத்துக்கு அமர்ந்திருக்கிறோம், சொல்வது முதலாளி, வாங்குவது நம் சபைப் பெரியவர் என்று எண்ணி எழுதிக் கொடுத்துவிட்டார். எழுதியபின் இருவரிடமும், அடிமை வைத்திருப்பது கிறிஸ்தவ மதத்துக்குப் பொருந்தாத செயல் என்று தாம் நம்புவதாகச் சொன்னார். சொன்னதால் பாரம் சற்றே குறைந்தது. எழுதாமலே விலகியிருக்க வேண்டும் என்ற எண்ணம் மட்டும் பின்னரும் அவரை விடவில்லை. சில காலம் கழித்து அதே சபை இளைஞர் ஒருவர் இன்னோர் அடிமைப் பத்திரத்தோடு வந்தபோது, எழுத முடியாது என்று பணிவாக மறுத்துவிட்டார்.

உயில் எழுதுவதும் அவருக்கு ஒரு வருவாய். ஒருமுறை அண்டை வீட்டார் ஒருவர் உடம்பில் பலமாக அடிபட்டு, அக்கால வைத்திய முறைப்படி இரத்தம் இறக்குவதற்காக அவரை அழைத்தார். அது முடிந்ததும் உயில் எழுதித் தரவும் கேட்டார். இன்ன சொத்து இன்ன பிள்ளைக்கு என்று சொல்லிக்கொண்டே வந்தவர், வீட்டிலிருந்த இளம் அடிமைப் பெண்ணும் எந்தப் பிள்ளைக்குச் சேர வேண்டும் என்பதையும் சொன்னார். வுல்மன் குறிப்பெடுத்துக்கொண்டு போய், அந்த ஒரு பகுதியைத் தவிர மற்ற அனைத்தையும் எழுதி, படுக்கையருகே வந்து படித்துக் காட்டினார். பிறகு, மனிதர்களை அடிமையாக்கும் பத்திரத்தை எழுதினால் என் மனம் அமைதி இழக்கும், இதுவரை எழுதியதற்குக் கூலி வேண்டாம், மீதியை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள் என்றார். இருவரும் நெடுநேரம் பேசினார்கள். முடிவில் அந்தப் பெண்ணை விடுதலை செய்ய நோயாளி சம்மதித்தார். உயிலும் எழுதி முடிக்கப்பட்டது.

1746இல் தென்பகுதிக் குடியேற்றங்களுக்குப் பயணம் போய் வந்தபின் அடிமை முறைக்கு எதிராக அவர் ஒரு கட்டுரை எழுதினார். எட்டாண்டு காலம் அது அச்சேறவில்லை. 1750இல் மரணப்படுக்கையிலிருந்த தந்தை, அந்தக் கையெழுத்துப் பிரதி என்ன ஆயிற்று என்று விசாரித்தார். வெளியிடும் துணிவு மகனுக்கு அந்தக் கேள்வியிலிருந்து கிடைத்திருக்கும் என்பது என் ஊகம். 1754இல் அது அச்சில் வந்தது. இதற்கிடையே அவர் சொந்தமாக நடத்திய கடையில் வியாபாரம் பெருகியது. பெருகுவதே தொல்லை என்று கருதிய அவர் அதைக் குறைத்துக்கொண்டு, ஊசியும் நூலும் பழத்தோட்டமுமாக அமைந்துவிட்டார். மனைவி சாராவும் ஒரு மகளும் உள்ள குடும்பம் என்பதை இங்கே மறந்துவிடக் கூடாது.

1757இல் மீண்டும் தெற்கே போனார். அடிமை வைத்திருக்கும் வீடுகளில் தங்கவும் உண்ணவும் நேர்ந்தபோது, அந்த உழைப்பை இலவசமாக அனுபவிக்க மனமின்றிச் சிறு வெள்ளிக் காசுகளைக் கொடுத்துவிட்டுப் புறப்படுவார். சில இடங்களில் அடிமைகளின் கையிலேயே கொடுப்பார். சில இடங்களில் அவர்களுக்குக் கொடுத்துவிடும்படி வீட்டுக்காரரிடம் தருவார். விருந்துக்கு விலை கொடுத்தால் விருந்தளித்தவருக்குச் சங்கடமாக இருக்காதா? இருந்தது. அதைக் கொடுக்க அவருக்கும் கை கூசியது என்று எழுதுகிறார். வர்ஜீனியாவில் ஒருவர், கறுப்பர்கள் தம்பியைக் கொன்ற ஆதாமின் மகன் காயீனின் சந்ததி, அந்த நிறமே கடவுள் அவனுக்கு இட்ட அடையாளம் என்று வாதித்தார். ஜலப்பிரளயத்தில் தப்பியது நோவாவின் குடும்பம் ஒன்றே, நோவா காயீனின் மற்றொரு தம்பி சேத்தின் வழிவந்தவன், அப்படியானால் காயீனின் வம்சம் எங்கிருந்து மிஞ்சியது என்று வுல்மன் கேட்டார். ஒடுக்கியவர் கையிலும் அதே வேதாகமம்தான் இருந்தது என்பதை இந்தத் தலைப்பில் பேசுகிற யாரும் மறைக்கக் கூடாது.

அவருக்கு முன்பே பெஞ்சமின் லே என்ற குவேக்கர் இதே கொடுமையை எதிர்த்தார். 1738இல் பர்லிங்டனில் நடந்த ஆண்டுக் கூட்டத்தில், உள்ளே சிவப்புச் சாறு நிரப்பிய பையை மறைத்துவைத்திருந்த ஒரு புத்தகத்தை வாளால் குத்தி, அடிமை வைத்திருப்பவர்கள்மேல் இரத்தம்போல் தெறிக்கச் செய்தார். சபை அவரை விலக்கியது. லேயை நான் பழிக்க மாட்டேன். உறங்குகிறவர்கள் நடுவே யாராவது கத்தத்தான் வேண்டும். ஆனால் இருபது ஆண்டு கழித்து, 1758இல் பிலடெல்பியாவில் கூடிய ஆண்டுக் கூட்டத்தில் வுல்மன் எழுந்தபோது, தாமதிக்க இது காலமில்லை என்று அமைதியாகச் சொன்னார், கூட்டம் அசைந்தது. அடிமைகளை வாங்குவோரும் விற்போரும் சபை நிர்வாகத்தில் பங்குபெறக் கூடாது என்று முடிவாயிற்று. அடிமை வைத்திருக்கும் உறுப்பினர்களின் வீடுகளுக்குச் சென்று பேச ஒரு குழுவும் அமைந்தது. வுல்மன் அதில் ஒருவர். வீடு வீடாக ஏறி, நாற்காலியில் எதிரெதிரே அமர்ந்து, சபைப் பெரியவர்களிடமே இதைப் பேச வேண்டும். கூட்டத்திலிருந்து திரும்பும் வழியில் தந்தை மகனிடம் பேசிய அந்த முறை இப்போது ஒரு சபையின் பொதுக் கொள்கையாகிவிட்டது.

வுல்மன் 1772இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் பெரியம்மை கண்டு இறந்தார். 1776இல் பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம், அடிமை வைத்திருப்பவர் சபையில் இருக்கவே முடியாது என்று தீர்மானித்தது. 1780இல் பென்சில்வேனியா படிப்படியான விடுதலைச் சட்டத்தை இயற்றியது. அச்சட்டத்துக்குப் பின் அடிமைத் தாய்க்குப் பிறந்த குழந்தைகூட 28 வயதுவரை ஊழியம் செய்தே விடுதலை பெற வேண்டும். வுல்மனின் சொந்த நியூ ஜெர்சி அத்தகைய சட்டத்தை இயற்ற 1804 ஆயிற்று.

மென்மைக்கும் ஒரு விலை உண்டு. அதை மென்மையாகப் பேசியவர்கள் செலுத்தவில்லை, காத்திருந்தவர்கள் செலுத்தினார்கள். வுல்மனின் கையும் முழுத் தூய்மையானதாக இருக்கவில்லை. ஒரு சொத்தை நிர்வகிக்கும் பொறுப்பேற்றிருந்தபோது, கறுப்பினச் சிறுவன் ஒருவனை முப்பது வயதுவரை உழைக்கும்படி விற்க அவரும் உடன்பட்டார். பல ஆண்டுகளுக்குப் பின் அது அவரை உறுத்தவே, கடைசி நாலரை ஆண்டு உழைப்புக்கு உரிய தொகையைத் தாமே தருவதாக வாங்கியவருக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். முன்பு கிரயப் பத்திரம் எழுதிய அதே கை இதையும் எழுதியது.

அவருக்குப் பழக்கமான வில்லியம் போவன் என்ற கறுப்பினத்தவர் அதே பகுதியில் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். 1763இல் அவருடைய திருமணம் குவேக்கர் முறையில் நடந்தபோது சான்றிதழை எழுதியவர் வுல்மன். போவனும் வுல்மனைப்போலவே சாயமிடாத துணி உடுத்தி, தவறாமல் கூட்டங்களுக்கு வந்து அமர்ந்தார். உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளும்படி அவர் கேட்டபோது சபை மறுத்தது. மவுண்ட் ஹாலிக் கூட்டம் அவரை ஏற்றுக்கொண்டது 1814இல். வுல்மன் இறந்து அப்போது 42 ஆண்டுகள் ஆகியிருந்தன. போவனுக்கு வயது எண்பதை நெருங்கியிருந்தது.