திரும்பி வந்த நோயை இடம் பார்த்துத் தாக்குதல்

நேயர்களுக்கு வணக்கம். புராஸ்டேட் புற்றுநோய்க்காக அந்தச் சுரப்பியையே எடுத்தாகிவிட்டது. அப்புறமும் சில ஆண்டுகள் கழித்து ரத்தத்தில் பி.எஸ்.ஏ. அளவு, அதாவது புராஸ்டேட் அணுக்கள் சுரக்கும் ஒரு புரதத்தின் அளவு, மெல்ல ஏறலாம். மில்லிலிட்டருக்கு 0.2 நானோகிராமைத் தொட்டு, மறுபரிசோதனையிலும் அது உறுதியானால், நோய் திரும்பியிருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறோம். அந்த ரிப்போர்ட்டைப் பார்த்ததுமே பலர் மனம் உடைந்துபோகிறார்கள். அவர்களுக்காகத்தான் இன்று பேசுகிறேன்.

முதலில் கேட்க வேண்டியது, நோய் எங்கே இருக்கிறது என்பதை. சுரப்பி இருந்த இடத்திலேயே மிச்சம் இருந்தால், அங்கே கதிர்வீச்சு கொடுத்து முழுக்கக் குணமாக்கவே வாய்ப்பு உண்டு. பி.எஸ்.ஏ. 0.5-ஐத் தாண்டுவதற்குள் தொடங்கினால் பலன் அதிகம்.

நிணநீர்க் கணுவிலோ எலும்பிலோ ஓரிரு இடங்களில் மட்டும் இருந்தால்? பழைய எலும்பு ஸ்கேனிலும் சி.டி.யிலும் தெரியாத சின்னப் புள்ளிகளைக்கூட பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன் பல நேரம் காட்டிவிடுகிறது. புற்றணுக்களின் மேல் நிறைய இருக்கும் ஒரு புரதத்தைத் தேடி ஒட்டுகிற மருந்து அதில் பயன்படுகிறது. இடம் தெரிந்ததும், மூன்று முதல் ஐந்து தடவைக்குள் அதிக அளவுக் கதிர்வீச்சை அந்தப் புள்ளியில் குவிக்கிறோம். பெல்ஜியத்தில் 62 பேரிடம் நடந்த ஸ்டாம்ப் ஆய்வில், வெறுமனே கண்காணிக்கப்பட்டவர்களுக்கு ஆண் ஹார்மோனைக் குறைக்கும் ஹார்மோன் சிகிச்சை தேவைப்பட நடுமதிப்பாக 13 மாதம் ஆனது. புள்ளிகளைக் கதிர்வீச்சாலோ, சிலருக்கு அறுவையாலோ அகற்றியவர்களுக்கு 21 மாதம். எட்டு மாதம்தானா என்று தோன்றலாம். ஹார்மோன் ஊசியால் வரும் உடல் சூடு, ஓயாத களைப்பு, எலும்புத் தேய்மானம், தாம்பத்திய ஆசை குறைவது இதையெல்லாம் அனுபவித்தவர்களிடம் கேட்டால் அந்த எட்டு மாதத்தின் அருமை தெரியும்.

ஆனால் ஸ்கேனில் தெரியாத நுண்ணிய அணுக்கள் வேறெங்காவது இருக்கலாம். அதனால் பலருக்குப் புதுப் புள்ளிகள் பிறகு தோன்றும். சிலருக்கு அவற்றையும் இதே முறையில் தாக்கலாம். நோய் பரவலாகி, ஹார்மோன் மருந்துகளையும் கீமோவையும் மீறிவிட்டால், ரத்தத்தில் ஏற்றும் லுடீசியம்-177 இருக்கிறது; அதே புரதத்தைத் தேடி ஒட்டி, உள்ளிருந்தே கதிர்வீச்சு கொடுக்கும் மருந்து அது. 2021-இல் வெளியான 831 பேர் ஆய்வில், அது ஆயுளை நடுமதிப்பாக 11.3 மாதத்திலிருந்து 15.3 ஆக நீட்டியது. வாய் வறட்சி வரலாம்.

ஹார்மோன் ஊசியைத் தொடங்கும் முன்பே ஸ்கேன் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். ஊசி போட்டபின் பி.எஸ்.ஏ. இறங்கி, புள்ளிகள் கண்ணில் படாமல் போகலாம். முன்பு கதிர்வீச்சு எடுத்தவர்கள் அந்த அளவுக் குறிப்பையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அதே இடத்தில் இன்னும் எவ்வளவு கொடுக்கலாம் என்பதை அதை வைத்துத்தான் கணக்கிடுவோம். நன்றி.