தேடப்படும் வேலை
(தண்டையார்பேட்டையில் பெற்றோரும் கடைக்காரர்களும் கூடிய கூட்டத்தில் ஒரு தாய் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம்.

என் மகனுக்கு 26 வயது. ஆட்டிசம் உள்ளவன். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 6 வயது முதல் 18 வரை இலவசக் கல்வியை உரிமையாக்கியிருக்கிறது. அதற்குப் பிறகு? பள்ளி முடிந்த மறுநாளும் அவன் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். வேன் வரவில்லை. பதினோரு மணி வரை நின்றான்.

அப்புறம் ஒரு பகல்நேர மையத்தில் சேர்த்தோம். மணி கோக்கக் கொடுத்தார்கள். அழகாகக் கோத்தான். சாயங்காலம் அதை உருவி டப்பாவில் போட்டு, மறுநாள் அதே மணிகளைக் கொடுத்தார்கள். மூன்றாவது வாரம் டப்பாவைத் தூக்கி எறிந்தான். முரட்டுத்தனம் என்று எழுதிவைத்தார்கள். நீங்களும் நானும் மூன்று வாரம் தாங்கியிருப்போமா?

எம்.சி. ரோட்டில் துணிக்கடை வைத்திருக்கும் என் கொழுந்தனார்தான், "கூட்டிட்டு வாங்க அண்ணி, பார்ப்போம்" என்றார். மேட்சிங் பிளவுஸ் துணி, நாள் முழுக்கக் கலைந்து கிடக்கும். அமெரிக்காவில் வடக்கு கரோலைனா பல்கலைக்கழகத்தில் ஆட்டிசம் உள்ளவர்களுக்காக உருவான 'டீச்' முறையில் நான்கு கேள்விகள் உண்டு: என்ன வேலை, எவ்வளவு, எப்போது முடியும், அடுத்து என்ன? வாயால் சொல்லாமலே, பார்த்ததும் விடை தெரிய வேண்டும். அப்படியே செய்தோம். இடப்பக்கம் கலைந்த துணிக் கூடை. வலப்பக்கம் நிறவாரியாக அடுக்கு. கூடை காலியானால் முடிந்தது. அடுத்து டீ என்று காட்ட, சுவரில் டீ டம்ளர் படம். கிளிப்பச்சைக்கும் மயில்கழுத்துக்கும் நடுவே நம் கண்ணில் படாத பச்சைகளை அவன் பிரித்து வைக்கிறான். சம்பளம் வாங்குகிறான், சின்னத் தொகைதான், ஆனால் வேலைக்கான கூலி.

போன மாதம் மூன்று நாள் காய்ச்சல். இரண்டாம் நாளே கடையிலிருந்து போன்: "தம்பி எப்போ வருவாரு?" என் பிள்ளையை ஒருவர் தேடியது அதுதான் முதல் தடவை.

எல்லாப் பிள்ளைகளாலும் கடைக்குப் போக முடியாது. நாள் முழுக்கத் துணை வேண்டியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இதே அளவுகோல்தான். மையத்தில் எல்லோருக்கும் தட்டு எடுத்து வைக்கட்டும். வைக்காவிட்டால், "தட்டு எங்கே?" என்று யாராவது கேட்பார்கள். அது வேலை.

சரி, கடைக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். காலையில் கூட்டம் சேருவதற்கு முன் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேர வேலை கொடுங்கள். அந்த நேரம் பாட்டை மட்டும் நிறுத்திவையுங்கள். சத்தம் அவர்களில் பலரை வதைக்கும். முதல் மாதம் நானே கூட வந்து நிற்கிறேன். கூட்டம் முடிந்ததும் வாசலில்தான் இருப்பேன்.